வேதாளர் பொறுப்பு கைமாறும் விதம்: கதை எழுதுபவர்களுக்கான விவரங்கள்

#1 கானகவாசி

நண்பர்களே, வேதாளரை (The Phantom: தலைமுறை தலைமுறையாக மகன் அதே முகமூடியை ஏற்பதால் சாகாதவர் என்று காடு நம்பும் காமிக்ஸ் நாயகர்) வைத்து 24 பக்கத்தில் ஒரு ரசிகர் காமிக்ஸுக்கு ஸ்கிரிப்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன். காலம் ஏறத்தாழ 1740. ஒரு வேதாளர் சாகிறார், மகன் முகமூடியை மாட்டிக்கொள்கிறான். அந்தக் கைமாற்றம் மட்டும்தான் கதை.

மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். 1740-ல் பொறுப்பில் இருப்பவர் எத்தனாவது ஆள்? பொறுப்பு மாறும்போது வரிசையாக என்னென்ன நடக்கும்? எந்த இடத்தில் சறுக்கினால் "சாகாதவர்" என்ற நம்பிக்கை உடையும்? வேதாளரைப் படைத்த லீ ஃபாக் எழுதியதற்கு விரோதமாக எதுவும் வேண்டாம். ஸ்வீடன், ஆஸ்திரேலியாக் கதைகளிலிருந்தும் சொல்லலாம், ஆனால் முரண்பாடு வந்தால் ஃபாக் சொன்னதே கடைசி. ராணி காமிக்ஸ் வழி வந்தவர்கள் மாயாவி என்றே எழுதுங்கள், புரிந்துகொள்கிறேன்.

#2 பழைய புத்தகக்கட்டு

பட்டையில் நாம் பார்க்கும் நாயகரான 21-ஆமவருக்கு ஃபாக் எழுதிய வரிசைதான் அடிப்படை. மற்ற தலைமுறைகளையும் அதை வைத்தே கட்ட வேண்டும்.

பையன் வேதாளரின் இருப்பிடமான மண்டையோட்டுக் குகையில் பிறந்து, அதைக் காக்கும் பண்டார் இனத்துப் பிள்ளைகளோடு வளர்கிறான். தடம் பார்ப்பது, குறி பார்ப்பது, சத்தமில்லாமல் நடப்பது எல்லாம் அவர்களிடம் கற்பதுதான். எழுதப் படிக்கத் தெரிந்ததும் குறிப்பேட்டு அறை. ஒவ்வொரு வேதாளரும் தன் கைப்பட எழுதிவைத்த பெரிய ஏடுகள் அங்கே இருக்கின்றன. வேறு எந்தப் பயிற்சியையும் விட இதுதான் முக்கியம் என்பேன். முப்பாட்டன் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்பது தெரியாதவன் "நான் அதே ஆள்" என்று எந்தத் தலைவன் முன்னாலும் போய் நிற்க முடியாது.

பிறகு வெளிநாட்டுப் படிப்பு. 21-ஆமவர் சிறுவனாக மிசௌரியில் உள்ள கிளார்க்ஸ்வில்லுக்குப் போய் லூசி அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். பின்னாளில் மனைவியான டயானா பால்மரைச் சந்தித்ததும் அங்கேதான். தந்தை சாகக் கிடக்கிறார் என்று செய்தி வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார்.

கடைசிக் கட்டம் இப்படி: தந்தையின் படுக்கை அருகே மகன். சத்தியம், அதுவும் முதலாமவரின் தகப்பனைக் கொன்ற கொள்ளையனின் மண்டையோட்டின் மேல் கைவைத்து. கடற்கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி ஆகிய நான்கையும் எந்த உருவத்தில் வந்தாலும் ஒழிப்பேன், என் மகன்களும் அவர்களின் மகன்களும் தொடர்வார்கள் என்ற அதே வாசகம். பிறகு குகைக்குள் இருக்கும் கல்லறையில் முன்னோர் வரிசையில் அடக்கம். அதன்பின் உடை, மோதிரங்கள், இடைவார். ஊரறிய ஒப்பாரி கிடையாது, துக்கம் கிடையாது. காடு முழுக்க "நடமாடும் ஆவி" வழக்கம்போல் உலவுகிறது.

#3 வம்சக்கணக்கு

எத்தனாவது ஆள் என்பதற்கு வருகிறேன். பலர் போடும் கணக்கு சுலபமானது, ஆனால் போதாது.

செய்தித்தாளில் தினசரிப் படக்கதைப் பட்டையாக வேதாளர் தொடங்கிய நாள் 1936 பிப்ரவரி 17. முதலாமவர் கரையொதுங்கிய ஆண்டு 1536. நடுவே 400 ஆண்டு, 20 கைமாற்றம். சராசரி 20 ஆண்டு. அந்தக் கணக்கில் 1740-ல் 11-ஆமவர் இருப்பார்.

ஆனால் நடுவில் உறுதியான ஒரு ஆண்டு இருக்கிறது. வேதாளரே ரகசியத் தலைவராக இருக்கும் கானகக் காவல் படையை நிறுவியவர் 6-ஆமவர், ஆண்டு 1664. முதல் ஐந்து பேரும் சேர்ந்து ஏறக்குறைய 128 ஆண்டைத் தாண்டியிருக்கிறார்கள், தலைக்கு 25-க்கு மேல். மிச்சம் 272 ஆண்டு, அதை 6 முதல் 20 வரை 15 பேர் பங்கிட வேண்டும். தலைக்கு 18 ஆண்டுதான் வருகிறது. அப்படிப் பார்த்தால் 1664-லிருந்து 76 ஆண்டு தள்ளி, 1740 வாக்கில் 10-ஆமவர் இருப்பார். உங்கள் கதையை 10 போய் 11 வரும் கைமாற்றமாக வைத்தால் இரண்டு கணக்குக்கும் பெரிய பழுதில்லை. ஸ்வீடன் கதைகளில் இந்த எண்களுக்கு ஏற்கெனவே ஏதாவது ஆண்டு கொடுத்திருக்கிறார்களா என்று மட்டும் ஒத்துப்பார்த்துவிடுங்கள்.

#4 தீவெட்டி

வம்சக்கணக்கு சார், அந்த 18-ல் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயதில் பொறுப்பேற்கிறார்கள் என்றால், பொறுப்புக் காலத்தின் சராசரியும் தகப்பனுக்கும் மகனுக்கும் உள்ள வயது வித்தியாசத்தின் சராசரியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் 15 தலைமுறையாக எல்லாரும் 18 வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். ஆனால் ஃபாக்கின் வரிசையில் படித்து முடித்து, திரும்பி வந்து, பொறுப்பேற்று, அதற்குப் பிறகுதான் கல்யாணம். 21-ஆமவருக்குக் கல்யாணம் ஆனதே 1977-ல். இரட்டையர் கிட்டும் ஹெலோயிசும் பிறந்தது 1979-ல். இது எப்படிப் பொருந்தும்?

#5 வம்சக்கணக்கு

பொருத்த இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, எல்லாக் கைமாற்றமும் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வது. பிள்ளை பிறக்கும் முன்பே ஒருவர் இறந்து தம்பி ஏற்றிருந்தால் அங்கே வயது வித்தியாசம் இரண்டு மூன்று ஆண்டாகச் சுருங்கிவிடும். 15-ல் மூன்று இடம் அப்படி இருந்தாலே மற்றவர்களின் சராசரி 22-ஐத் தாண்டிவிடும். இது என் ஊகம், ஆனால் ஆபத்தான தொழில் என்பதால் நம்பும்படியான ஊகம்.

இரண்டாவது வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. 1936-ல் இருந்தவரும் இன்று பட்டையில் இருப்பவரும் அதே 21-ஆமவர்தான். கதையின் "இன்று" நகர்ந்துகொண்டே வருகிறது, 1664 நகரவில்லை. 2020-ஐ வைத்துப் பாருங்கள்: 356 ஆண்டு, 15 பேர், தலைக்கு ஏறக்குறைய 24. இருபத்து நான்கில் மகன், நாற்பத்தைந்தில் மரணம், அப்போது மகனுக்கு 21. தானாகப் பொருந்திவிட்டது. 1936-ல் இடித்த கணக்கு, பட்டை நீள நீளச் சரியாகிக்கொண்டே வருகிறது. ஆனால் இந்த வழியில் உங்கள் 1740-ல் இருப்பவர் 9-ஆமவர் ஆகிவிடுவார். எந்தக் கணக்கை எடுப்பது என்பது உங்கள் முடிவு, எடுத்ததைக் கதை முழுக்க மாற்றாதீர்கள்.

#6 பாய்மரம்

எண்ணை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது தூரம். 1740-ல் நீராவிக் கப்பல் இல்லை, தந்தி இல்லை. சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல். வேதாளரின் கற்பனை நாடான பங்கல்லாவை எந்தக் கடற்கரையில் வைத்தாலும் ஐரோப்பாவுக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். லண்டனிலிருந்து இந்தியாவுக்கு அக்காலத்தில் ஐந்து ஆறு மாதம் ஆகும். ஆப்பிரிக்கக் கரை என்றால் கொஞ்சம் குறையும், பெரிதாகக் குறையாது. செய்தி போக ஒரு பயணம், மகன் வர ஒரு பயணம். பருவக்காற்றுக்குக் காத்திருப்பதும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு வருடம்.

ஆகவே "தந்தை குத்துப்பட்டார், மகனுக்கு ஆள் அனுப்பினார்கள், கடைசி மூச்சுக்கு முன் வந்துவிட்டான்" என்ற காட்சி 1740-ல் நடக்காது. குத்துப்பட்டவர் ஒரு வருடம் படுக்கையில் கிடக்க மாட்டார். 21-ஆமவர் காலத்தில் கப்பலும் தந்தியும் இருந்ததால் ஃபாக்கால் அதை எழுத முடிந்தது.

பாய்மரக் காலத்தில் இரண்டே வழிதான். பதினெட்டு வயதிலேயே மகன் திரும்பி வந்து, யார் கண்ணிலும் படாமல் குகையில் காத்திருக்க வேண்டும். அல்லது வேதாளரே இல்லாத அந்த ஒரு வருடத்தைப் பண்டார்கள் சமாளிக்க வேண்டும். 24 பக்கத்துக்கு இரண்டாவதுதான் கதை. முதல் வழியில் பதற்றம் எங்கிருந்து வரும்?

#7 கானகவாசி

பாய்மரம், இது நான் யோசிக்காத கோணம். அந்த ஒரு வருடத்தையே கதையாக்குகிறேன். அப்படியானால் வெளியே இருப்பவர்களுக்கு எதெல்லாம் சந்தேகம் கிளப்பும்? வில்லன் கையில் எந்தச் சான்றைக் கொடுக்கலாம்?

#8 பழைய புத்தகக்கட்டு

ஃபாக்கே கொடுத்திருக்கிறார்: இடைவார். 20-ஆமவரை முதுகில் குத்திய ராமா அவருடைய வாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதைத் தேடி 21-ஆமவர் போகும் கதைதான் 1964 மார்ச்சில் வந்த முதல் இந்திரஜால் காமிக்ஸ் இதழ். அங்கே ராமா ராமலு ஆனான், சிங் கொள்ளையர் சிங்கா ஆனார்கள், வேதாளரின் நாட்டுக்கு அப்போதிருந்த பெங்காலி என்ற பெயர் டென்காலி ஆனது. தமிழில் படித்தவர்களுக்கு டென்காலிதான் மனதில் நிற்கும்.

அந்தக் கதை ஏன் அவ்வளவு வலுவாக இருக்கிறது? எவனோ ஒருவன் வேதாளரின் வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தால், வேதாளரை வீழ்த்தி உடம்பைத் தொட்டவன் ஒருவன் இருக்கிறான் என்று அர்த்தம். சாகாதவரின் இடுப்பிலிருந்து யாரும் வாரை உருவ முடியாது. கொலையை மறைத்துவிடலாம், பொருள் வெளியே போனால் மறைக்க முடியாது. ஆகவே உங்கள் கதையில் சாகும் இடம் முக்கியம். குகையில் செத்தால் எல்லாம் கைக்குள் இருக்கும். கடலிலோ துறைமுகத்திலோ செத்தால் உடை, வார், மோதிரம், உடல் என்று நான்கு சான்று எதிரி கைக்குப் போகும்.

மோதிரம்தான் மிக மோசம். வலக்கை மண்டையோட்டு மோதிரம் தாடையில் பதிந்தால் அழியாத தழும்பு. இடக்கை மோதிரத்தில் குறுக்கிட்ட வாள்களின் குறி, அது பாதுகாப்புச் சின்னம். திருடன் கையில் இடக்கை மோதிரம் கிடைத்தால் அவன் தன் ஆட்கள் எல்லாருக்கும் பாதுகாப்புக் குறி போட்டுவிடுவான். காட்டில் யாரும் அவர்களைத் தொட மாட்டார்கள். வில்லனுக்கு இதை விட நல்ல ஆயுதம் கிடையாது, இதுவரை யாரும் சரியாகப் பயன்படுத்தியதாகவும் எனக்குத் தெரியவில்லை.

#9 மைக்கூடு

வரையப்போகிறவருக்குச் சில குறிப்புகள்.

1740-க்கு 45 காலிபர் கைத்துப்பாக்கி வரையாதீர்கள். அக்காலத்தது சக்கிமுக்கிக் கல் விசைத் துப்பாக்கி. ஒரு குண்டுதான், மறுபடி நிரப்பக் கால் நிமிடம் அரை நிமிடம் ஆகும், மருந்து நனைந்தால் வெடிக்காது. இரண்டு துப்பாக்கி என்றால் இரண்டே குண்டு, அதற்குப் பிறகு வாள். சண்டைப் பக்கங்களை இதை வைத்து அடுக்குங்கள். பழைய தலைமுறைக் கதை வரைகிறவர்கள் அடிக்கடி கோட்டை விடுவது இங்கேதான்.

உடை: முதலாமவர் வாசாகா இனத்தாரின் பேய்த்தெய்வச் சிலையைப் பார்த்து, அவர்களிடம் அடிமைகளாக இருந்த பண்டார்களை மீட்க அதே உருவத்தில் போனார். உடை பிறந்ததே பயமுறுத்தத்தான். அதனால் கண்ணுக்குக் கருவிழி போடாதீர்கள். கைமாற்றக் கதையில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. கண்ணும் முடியும் தெரியாவிட்டால் அப்பனுக்கும் மகனுக்கும் வெளியே தெரியும் வித்தியாசம் நான்குதான்: உயரம், தோள் அகலம், தாடை, குரல். தாடையை ஒரே மாதிரி வரையுங்கள். தோளை மட்டும் ஒரு விரற்கடை குறையுங்கள். பொறுப்பேற்ற பிறகு வரும் முதல் நான்கைந்து பக்கத்தில் மகனைத் தூரத்திலோ, குதிரை மேலோ, தீவெளிச்சத்துக்குப் பின்னாலோ வையுங்கள். முதல் முழு உருவம் அதற்கப்புறம் வரட்டும்.

நிறம் உங்கள் இஷ்டம். ஃபாக் மனதில் இருந்தது சாம்பல். 1939-ல் ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது ஊதாவாக அச்சானது, அதுவே நிலைத்துவிட்டது. ஸ்வீடனில் நீலம், இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. நான் சாம்பலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன், இரவுக் காட்சியில் அதன் அழகே தனி.

#10 தீவெட்டி

கொஞ்சம் விலகிப்போகிறேன். 11-ஆமவர் ஏன் மகனாகவே இருக்க வேண்டும்? மகளாக வைக்கலாமே.

#11 பழைய புத்தகக்கட்டு

சத்தியத்தில் "மகன்களும் அவர்களின் மகன்களும்" என்று இருக்கிறது. மரபு என்பதே மாறாத வாசகம்தான். அதில் கைவைத்தால் அது வேறு கதை.

#12 தீவெட்டி

ஜூலி வாக்கரை மறந்துவிட்டீர்களே. 17-ஆமவரின் சகோதரி. 17-ஆமவர் செயல்பட முடியாமல் போனபோது உடையை மாட்டிக்கொண்டு காட்டைக் காத்தவர். எழுதியவர் ஃபாக்தான், 1950-களிலேயே. காடு அவரை ஏற்றுக்கொண்டது.

#13 பழைய புத்தகக்கட்டு

ஜூலியை நான் மறக்கவில்லை நண்பரே. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். ஜூலிக்கு எண் இல்லை. வரிசை 17, 18 என்றே போகிறது. ஃபாக் அவரைப் பொறுப்பைத் தாங்கியவராகக் காட்டினார், பொறுப்பை ஏற்றவராகக் காட்டவில்லை.

#14 இறகுக்குழல்

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் பட்டை இப்போது எங்கே போயிருக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். 1999-ல் ஃபாக் மறைந்த பிறகு டோனி டிபால் எழுதுகிறார். அவர் கையில் இரட்டையர் வளர்ந்துவிட்டார்கள். கிட்டை இமயமலைப் பக்கம் ஒரு மடத்துக்குப் படிக்க அனுப்பினார். ஹெலோயிஸை நியூயார்க்கில் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே நோமாட் என்ற பயங்கரவாதியைப் பிடிக்கும் கதையில் முன்னால் நின்றவள் ஹெலோயிஸ்தான். அதற்குப் பிறகு காட்டில் வருவதுரைக்கும் மோஸ் கிழவரின் தீர்க்கதரிசனம் வந்தது: 21-ஆமவர் எடுக்கும் ஒரே ஒரு முடிவால் வாக்கர் வம்சத்தின் வேதாளர் வரிசையே அறுந்துபோகும் என்று. பல மாதம் ஓடிய கதை அது.

அதைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். மகன் இருக்கிறான் என்பதாலேயே மரபு பிழைக்காது. பிள்ளை உயிரோடு இருந்தும், அவன் மனம் வேறு பக்கம் போனால் சங்கிலி அறும். சத்தியம் செய்கிறவன் தானாக முன்வந்து செய்ய வேண்டும். வாரிசு மகளா மகனா என்பதை விட, மனமில்லாத ஒருவன் அந்த மண்டையோட்டின் மேல் கைவைத்தால் என்ன ஆகும் என்பதே எனக்குப் பெரிய கேள்வி. கானகவாசி, உங்கள் பையன் லண்டனில் ஆறேழு வருடம் இருந்தவன். அவனுக்கு இந்தப் பொறுப்பு வேண்டுமா? ஸ்கிரிப்ட்டில் அதற்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள்.

#15 மூங்கில்காடு

எல்லாரும் வாக்கர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த ஏற்பாட்டைத் தாங்கிப் பிடிப்பது யார் என்று பாருங்கள்.

21 பேரும் சாகாத ஒரே ஆள் என்று உலகம் நம்ப வேண்டுமென்றால், ஒவ்வொரு சாவையும் நேரில் பார்த்த ஒரு கூட்டம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அது பண்டார்கள். ரகசியம் ஒரு முழு இனத்துக்கும் தெரியும், ஒருவரும் சொன்னதில்லை. அடர்வனத்தின் எல்லையில் நஞ்சு தோய்ந்த அம்போடு நிற்பதும் அவர்களே. அடக்கம் செய்வதும் அவர்களே. 21-ஆமவர் காலத்துப் பண்டார் தலைவர் குரான் (Guran), அவருக்கும் முன்னால் ஒரு தலைவர், அவருக்கும் முன்னால் ஒருவர். அந்த வரிசையும் முதலாமவர் காலத்திலிருந்தே வருகிறது, யாரும் அதற்கு எண் போடவில்லை. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காட்டுக்குக் காவல் என்ற 1936-ஆம் ஆண்டுப் பார்வையின் குறை இது. இன்று எழுதுகிறவர்கள் அதைத் திருத்தலாம், ஃபாக்கை மீறாமலேயே திருத்தலாம். எல்லாம் ஏற்கெனவே கதைக்குள் இருக்கிறது, எழுதாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாய்மரம் சொன்ன அந்த ஒரு வருடத்தில் உங்கள் கதாநாயகன் பண்டார் தலைவர்தான். அவர் செய்யக்கூடியது நிறைய. முரசு வழியாகச் செய்தியைத் தொடர்ந்து ஓட விடலாம்: நேற்று வேதாளர் வடக்கே தெரிந்தார், இன்று ஆற்றைக் கடந்தார் என்று. பழைய கானகப் பழமொழிகள் பரவுவதே இப்படித்தான். வேதாளரின் முகத்தைப் பார்த்தவன் கொடூரமாகச் சாவான் என்பது எவ்வளவு நல்ல பாதுகாப்பு என்று யோசியுங்கள். கிட்டே போய்ப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வராது. அந்த ஒரு வரி ஒரு வருடத்துக்குத் தாங்கும்.

உடையை மட்டும் வேறு யாருக்கும் மாட்டிவிடாதீர்கள். பண்டார்கள் குள்ளமானவர்கள், உயரம் காட்டிக்கொடுத்துவிடும்.

#16 பாய்மரம்

மூங்கில்காடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1740 என்றால் கானகக் காவல் படை இருக்கிறது. அதுதான் உண்மையான ஓட்டை. காட்டு மக்களை முரசு சமாளிக்கும், படை சமாளிக்காது. படைத்தலைவர் யார் என்று வீரர்களுக்குத் தெரியாது. 21-ஆமவர் காலத்து ஏற்பாடு எல்லாருக்கும் தெரிந்ததே: தலைமையகத்தில் ஒரு பெட்டகம், வறண்ட கிணறு ஒன்றிலிருந்து அதன் அடிவரை சுரங்கம், உத்தரவு வந்தால் விளக்கு எரியும். 1740-ல் மின்விளக்கு இருக்க வாய்ப்பில்லை, அதற்கு ஒரு மாற்று வேண்டும். தினமும் குறித்த நேரத்தில் திறந்து பார்ப்பது என்று வைக்கலாம்.

ஒரு வருடம் அந்தப் பெட்டகம் காலியாக இருந்தால் தளபதிக்குச் சந்தேகம் வரும். உத்தரவைப் பண்டார் தலைவர் போடலாம், சுரங்கம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்து? அப்பனின் கையெழுத்தைக் குறிப்பேடுகளில் பார்த்துப் பழகியவன் மகன் ஒருவன்தான், அவனோ கடலில்.

#17 கானகவாசி

அருமை. பக்கப் பிரிவு இப்படி வருகிறது:

பக்கம் 1 முதல் 4 வரை துறைமுகத்தில் தாக்குதல், 10-ஆமவர் குத்துப்பட்டுக் குகைக்கு வந்து சேர்கிறார், இடக்கை மோதிரம் எதிரி கையில். 5, 6 மரணம், அடக்கம். 7 முதல் 14 வரை பண்டார் தலைவரின் ஒரு வருடம்: முரசு, பெட்டகம், போலிப் பாதுகாப்புக் குறியோடு ஊருக்குள் நுழையும் கொள்ளையர். 15, 16 கப்பலில் மகன், திரும்புவதா வேண்டாமா என்ற தவிப்பு. 17 கல்லறையில் சத்தியம். 18 முதல் 23 வரை மோதிரத்தை மீட்பது, இரண்டே குண்டு, பிறகு வாள். 24-ல் மகன் குறிப்பேட்டில் முதல் பதிவை எழுதுகிறான்.

கையெழுத்துச் சிக்கலுக்கு மட்டும் வழி தெரியவில்லை.

#18 பழைய புத்தகக்கட்டு

எழுத்தே வேண்டாம். மண்டையோட்டு மோதிரம் குகையில்தான் இருக்கிறது. உத்தரவுத் தாளில் அரக்கு உருக்கி அதன் முத்திரையை மட்டும் பதித்து, தாளில் ஊர்ப்பெயருக்குப் பதில் ஒரு வரைபடக் குறி போடச் சொல்லுங்கள். தளபதி குழம்புவார், ஆனால் முத்திரை உண்மையானது, கீழ்ப்படிவார்.

பக்கம் 5, 6 ஒன்று மாற்றுங்கள். அந்த நேரத்தில் மகன் இல்லை, ஆக சாகும் 10-ஆமவர் சத்தியத்தை யாரிடம் ஒப்படைப்பது? மண்டையோட்டைத் தலைவர் கையில் கொடுத்து, "அவன் வந்ததும் கொடு" என்று சொல்லட்டும். அப்புறம் 17-ஆம் பக்கத்தில் அதை நீட்டுவதற்கு முன்னால் தலைவர் பையனை ஒரு கட்டம் நேராகப் பார்க்க வேண்டும், அந்தக் கட்டத்தில் வசனம் போடாதீர்கள்.

#19 மைக்கூடு

18-ஆம் பக்கம் முதல் வரும் சண்டையில் மகன் இடக்கையில் மோதிரம் கிடையாது, கவனம். மீட்கும் கட்டம் வரை வெறும் விரல்தான். பென்சில் கட்டத்திலேயே குறித்துவையுங்கள், மை போட்ட பிறகு எல்லாப் பக்கத்திலும் அழிக்க வேண்டிவரும்.